தாழ்வாரத்துக்குள் இருக்கும் கிறில் ஏன் முதலில் கறள் (துரு) பிடிக்கிறது?

2023 பெப்ரவரி 11, காலை

திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் வீடு கடற்கரைக்கு மிகக் கிட்ட இருக்கிறது. முன்யன்னல் கிறிலுக்கு நான்கு வருடத்தில் மூன்று முறை பெயின்ற் அடித்தும் கறள் பிடித்துவிட்டது. மழை படுவதுதான் காரணம் என்று எண்ணித் தாழ்வாரத்தை மூன்று அடி நீட்டினேன். அதன் பிறகு கறள் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. வெயிலும் மழையும் நேரே படுகின்ற கேற்றுக்கும் அதே வயதுதான், அது இன்னும் நன்றாக நிற்கிறது. எந்தப் பெயின்ற் வாங்க வேண்டும்?"

பெயின்றின் பெயரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கேற்றிலும் படிகிறது, கிறிலிலும் படிகிறது. கேற்றில் படிந்த உப்பை ஒவ்வொரு மழையும் கழுவிக்கொண்டு போகிறது. கிறிலுக்கு அந்த மழையை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். ஆகவே அதில் விழுந்த உப்பு அங்கேயே தங்கி, மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டு வருகிறது. திருகோணமலையில் இருபத்திரண்டு வருடமாக இரும்பு ஒட்டு வேலை செய்கிறேன். என்னிடம் திருத்த வந்த கிறில்களில் பெரும்பாலானவை உட்பக்கத்திலும், மேற்சட்டத்தின் அடிப்புறத்திலும்தான், அதாவது மழைநீர் போய்ச் சேராத இடங்களில்தான், முதலில் தின்னப்பட்டிருந்தன.

சந்தேகம் இருந்தால் கிறிலின் பின்புறத்தை ஈரவிரலால் தடவி, நாக்கில் வைத்துப் பாருங்கள்.

2023 பெப்ரவரி 11, இரவு

காலையில் எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. மழையே படாத இரும்புக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டார். காற்றிலிருந்து வருகிறது. சுத்தமான இரும்பு, காற்றின் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டும்போதுதான் குறிப்பிடத்தக்க அளவில் கறள் பிடிக்கத் தொடங்கும். உப்பு படிந்த இரும்பின் கணக்கு வேறு. சோற்றுப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தொட்டதும் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 வீதமே போதும். கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் உலர்காற்று) வீசும் மத்தியானத்தில், கொடியில் போட்ட துணி அரைமணித்தியாலத்தில் காய்ந்துவிடும் வேளையிலும்கூட, நம் யன்னல் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கலாம். மழைக்காலத்தில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2023 பெப்ரவரி 19

"இரும்பு ஏன் கறள் பிடிக்க வேண்டும், பொன் பிடிப்பதில்லையே" என்று கேட்ட தங்கச்சிக்கு எழுதுகிறேன். (பாடப்புத்தகத்தில் துரு என்றிருக்கும். எங்கள் வாயில் வருவது கறள். இரண்டும் ஒன்றுதான்.)

இரும்பை நாம் மண்ணிலிருந்து இரும்பாக எடுப்பதில்லை. ஒட்சிசனோடு கட்டுண்ட தாதுவாக எடுத்து, உலையில் பெரும் வெப்பத்தைச் செலவழித்து அந்தக் கட்டைப் பிரிக்கிறோம். பிரித்த இரும்பு, வாய்ப்புக் கிடைத்தவுடன் மீண்டும் ஒட்சிசனோடு சேர்ந்துகொள்கிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று உண்டு. அது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்த கனிமம். அதற்குள் இருக்கும் இரும்பு ஏற்கனவே ஒட்சிசனோடு சேர்ந்துவிட்டதனால்தான், அலை அடித்துக்கொண்டே இருந்தாலும் அந்த மணல் கறுப்பாகவே கிடக்கிறது. அதே கரையில் ஓர் ஆணியைப் போட்டால் மறுநாளே சிவக்கும்.

கறள் பிடிப்பது உண்மையில் ஒரு சிறிய மின்கலத்தின் வேலை. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் என்பவர் ஓர் உப்புநீர்த்துளியைக் கொண்டே இதைக் காட்டியிருக்கிறார். மினுக்கிய இரும்புத் தகட்டின் மேல் உப்புநீர்த்துளி ஒன்றை வைத்தால், துளியின் ஓரத்தில் நீர்ப்படலம் மெல்லியது என்பதால் காற்றின் ஒட்சிசன் அங்கே எளிதாகக் கிடைக்கும். நடுவில் குறைவாகவே கிடைக்கும். நடுவிலுள்ள இரும்பு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாக (மின்னேற்றமுள்ள அணுவாக) கரைகிறது. அந்த இலத்திரன்கள் தகட்டுக்குள்ளால் ஓரத்துக்குச் சென்று, அங்கே ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களை உண்டாக்குகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனும் ஓரத்திலிருந்து வரும் ஐதரொட்சைட்டும் இடைவழியில் சந்திக்கும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தோன்றுகிறது. ஆகவே கறள் தெரிகின்ற இடமும் இரும்பு கரைகின்ற இடமும் ஒன்றல்ல. பெயின்றில் ஒரு சிறு கீறலைச் சுற்றிப் பழுப்பு நிறம் பரவியிருக்கும்போது, குழி பக்கத்தில் ஒளிந்திருக்கும். குத்தூசியால் தட்டிப் பார்க்காமல் கீறலை மட்டும் மூடிவிட்டுப் போகின்றவர்களின் வேலை ஒரு வாடைக்காலத்தைத் தாங்காது.

உப்பு இங்கே இரண்டு காரியம் செய்கிறது. நீரை நல்ல மின்கடத்தியாக்குவது ஒன்று. குளோரைட்டு அயன், இரும்பின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைக் கிழித்து நுழைவது மற்றொன்று. உப்புக் கூடக்கூடக் கறளும் கூடிக்கொண்டே போகும்.

2023 மார்ச் 5

மேலே உள்ள குறிப்பின் கடைசி வாக்கியம் பிழை. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார். அந்த வாக்கியத்தை அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

உப்புநீரில் அமிழ்ந்த இரும்பு கறள் பிடிக்கும் வேகம், உப்பின் அளவு ஏறத்தாழ 3 வீதத்தை எட்டும்வரை கூடுகிறது. அதற்கு மேல் குறையத் தொடங்குகிறது. உப்புச் செறிவு கூடக்கூட நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் குறைந்துகொண்டு போவதே காரணம். நம் துரதிர்ஷ்டம், சாதாரணக் கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 வீதம், அந்த உச்சத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

அவர் சொன்ன இரண்டாவது விடயம் எனக்கு இன்னும் முக்கியமாகப்பட்டது. முழுமையாகக் கடலுக்குள் கிடக்கும் இரும்பைவிட, அலை தெறித்துத் தெறித்துக் காய்கின்ற இடத்திலுள்ள இரும்பே விரைவாகப் போகும். உப்பு, ஈரம், தாராளமான ஒட்சிசன் ஆகிய மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. இறங்குதுறைத் தூண்களைப் பாருங்கள்: நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இடுப்பு மெலிந்திருக்கும்.

நம் துறைமுகத்திலேயே இதற்குச் சாட்சி இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது எரிந்துபோன சகாயிங் என்ற கப்பல், அதன் பின்னர் துறைமுகத்துக்குள் அமிழ்ந்து கிடந்தது. 2018இல் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து மேலே கொண்டுவந்தார்கள். எழுபத்தைந்து வருடம் கடலடியில் கிடந்த உடல், மிதக்கவைக்கக்கூடிய அளவுக்கு இரும்பாகவே எஞ்சியிருந்தது. உப்புவெளி யன்னல் கிறில் ஒன்றைக் கவனிக்காமல் எழுபத்தைந்து வருடம் விட்டால் ஒரு கைப்பிடிப் பொடிகூட மிஞ்சாது.

2023 மார்ச் 6

"அப்படியானால் கிறிலைக் கடலுக்குள் போட்டுவிடலாமா" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: போடலாம், ஆனால் வீட்டுக்கு வேறு யன்னல் செய்ய வேண்டிவரும். வேலை தந்தால் மகிழ்ச்சி.

2023 ஏப்ரல் 22

இனிப் பெயின்றுக்கு வருகிறேன். நான் நீண்ட காலம் பிழையாகச் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும்.

வேலை பழகிய காலத்தில், ரெட் ஒக்சைட் அடித்தால் இரும்புக்கு மருந்து கொடுத்ததுபோல் என்று கேட்டு வளர்ந்தேன். பல வருடம் வாடிக்கையாளர்களுக்கும் அதையே சொன்னேன். அந்தப் பெயரும் நிறமும் ஒரு குழப்பத்தை உண்டாக்கிவிட்டன. பழைய காலத்தில் கப்பலுக்கும் பாலத்துக்கும் அடித்தது ரெட் லெட், அதாவது ஈயத்தின் ஒட்சைட்டு. அது எண்ணெயோடு சேர்ந்து இரும்பின் கரைதலை உண்மையிலேயே தடுத்தது. ஆனால் ஈயம் நஞ்சு, குறிப்பாகச் சிறுபிள்ளைகளின் மூளைக்கு. இன்று வாங்கும் ரெட் ஒக்சைட்டின் செந்நிறம் இரும்பு ஒட்சைட்டே. அது ஏற்கனவே ஒட்சிசனோடு சேர்ந்த பொருள் என்பதால் இனிக் கெட்டுப்போகாது, விலையும் குறைவு. ஆனால் அதில் மருந்துக் குணம் எதுவும் இல்லை. அது ஒரு போர்வை மட்டும். உண்மையில் தடுக்கின்ற பொருள் வேண்டுமானால், சிங் பொஸ்பேற்று கலந்த அடிப்பூச்சு அல்லது நாகத்தூள் (நாகம் என்பதும் சிங் என்பதும் துத்தநாகமே) நிறைந்த அடிப்பூச்சு என்று தகரப்பேணியில் எழுதியிருக்கிறதா என்று வாசித்து வாங்க வேண்டும். நாகத்தூள் பூச்சு வெறும் உலோகத்தின் மேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். கறளின் மேலோ பழைய பெயின்றின் மேலோ அடித்தால் கொடுத்த காசு வீண்.

இதை எழுதும்போதே முதல்நாள் குறிப்பு மனத்தை உறுத்துகிறது. கிறிலைத் தடவிய விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பழைய வீடுகளின் கிறிலில் ஈயப்பூச்சு இருக்கலாம். அப்படிச் செய்ய வேண்டாம். பழைய பெயின்றை உலர்நிலையில் கிரைண்டரால் பறக்கவிடவும் வேண்டாம். நீர் தெளித்துத் தேய்த்து, விழுவதைக் கடதாசியில் கூட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

உப்புவெளி வாசகரின் கிறிலைப் போன வாரம் நேரில் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே பிழைதான் நடந்திருக்கிறது. பெயின்றடித்தவர் கம்பித் தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டு, அதன் மேல் நேராகப் பூசியிருக்கிறார். குழிகளுக்குள் உப்பு அப்படியே அடைபட்டுவிட்டது. பெயின்ற் முழுமையான தடை அல்ல. நீராவி மெதுவாக அதனூடாகச் செல்லும். உள்ளே அடைபட்ட உப்பு அந்த நீரை இழுத்து இழுத்துச் சேர்க்கும்போது பெயின்ற் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தைக் குத்தினால் பழுப்பு நீர் வடியும். அன்று அவருடைய தாயார் முன்னிலையில் ஒன்றைக் குத்திக் காட்டினேன்.

நாங்கள் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். பிறகு உலோகம் தெரியும்வரை தேய்க்கிறோம். தேய்த்த பின்னர் மறுபடியும் கழுவித் துடைத்து, ஓர் இரவு விடுகிறோம். காலையில் கறுத்த ஈரப்புள்ளிகள் எழும்பியிருந்தால் அந்தக் குழிகளில் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் தேய்த்துக் கழுவ வேண்டும். சில கிறில்களுக்கு நான்கு முறைகூட இப்படிச் செய்திருக்கிறோம். புள்ளி எழும்பாத காலையில், வெயில் ஏறி இரும்பு நன்றாகக் காய்ந்த பிறகு, அன்றே முதற்பூச்சு போய்விட வேண்டும். முதலில் சிறிய தூரிகையால் மூலைகளுக்கும் விளிம்புகளுக்கும் ஒட்டுவாய்களுக்கும் தனியாக ஒரு பூச்சு கொடுக்கிறோம். பெயின்ற் காயும்போது கூரான விளிம்பிலிருந்து இழுபட்டு மெலிந்துவிடும். கறள் வாசல் திறப்பதும் அங்கேதான்.

2023 ஏப்ரல் 23

பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுரக் குழாயில்) கேற் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: அடிச்சட்டத்தில் நீர் வடிவதற்குத் துளை போடுங்கள், அல்லது இரண்டு முனையையும் முழுவதுமாக ஒட்டி மூடுங்கள். பாதி மூடிய குழாய் உள்ளிருந்து வெளியே தின்னப்படும். வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும் தெரியும் நாளில் கை வைத்தால் விரல் உள்ளே போகும்.

2023 யூன் 17

"நல்ல தண்ணீரால் கழுவுங்கள்" என்று எழுதியதை இன்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மொட்டைமாடிக் கைப்பிடி முழுவதையும் மேலே சொன்ன முறைப்படி, ஒரு படியும் தவறாமல் செய்தோம். எட்டு மாதத்தில் கொப்புளம் வந்தது. வீட்டுக்காரருக்கு என் காசில் திரும்பச் செய்து கொடுத்தேன். காரணம் தெரியாமல் பல இரவு யோசித்தேன். கடைசியில் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தபோது விளங்கியது: அது உவர்நீர். உப்பைக் கழுவுகிறோம் என்று எண்ணி உப்பைப் பூசியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு மேலே சொன்ன ஆசிரியரிடம் தண்ணீரைக் கொண்டுபோனேன். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது ஊற்றி, உப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளி விட்டார். அந்தக் கிணற்று நீர் உடனே தயிர்போல் வெண்மையாகத் திரண்டது. பிடித்து வைத்த மழைநீரில் மெல்லிய பால்நிறம்கூடத் தோன்றவில்லை. அன்றுமுதல் வேலைத்தளத்துக்கு நாங்களே கான்களில் தண்ணீர் கொண்டுபோகிறோம். கடற்கரையோரம் இருப்பவர்கள் மாரியில் பீலித் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால், அதைவிடச் சிறந்த கழுவுநீர் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாசி முதல் கடை வாசலில் ஒரே தகட்டிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று திறந்த வெளியில், ஒன்று தாழ்வாரத்தின் கீழ், ஒன்று தாழ்வாரத்தின் கீழ் ஆனால் வாரம் ஒருமுறை மழைநீரால் கழுவப்படுவது, ஒன்று கடைக்குள் மூடிய பெட்டியில். கச்சான் தொடங்கி மழை நின்றதிலிருந்து வெளித்துண்டும் தாழ்வாரத் துண்டும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன. முதல்நாள் நான் சொன்ன வேறுபாடு, மழை பெய்யும் காலத்துக்கே பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறேன். வாரம் கழுவும் துண்டு வெளித்துண்டைவிட நன்றாக இருக்கிறது. பெட்டித்துண்டில் விரலடையாளம் பட்ட இடம் மட்டும் பழுத்திருக்கிறது, வியர்வையும் உப்புத்தானே.

2023 யூலை 30

கிண்ணியா நானா ஒருவர், படகு எஞ்சினில் பூட்டும் நாகக்கட்டி பற்றிக் கேட்டிருந்தார். அதை மாற்றவே தேவையில்லை, இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது, நல்ல சாமான் என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தார். நானா, அது தேயாமல் இருப்பதுதான் கவலைக்குரியது.

நாகம் இரும்பைவிட எளிதாக இலத்திரனை விடும் உலோகம். இரண்டையும் தொடுத்துக் கடல்நீரில் விட்டால் நாகம் கரையும், இரும்பு தப்பும். 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியிலிருந்த செப்புத் தகடுகளைக் காப்பாற்ற இரும்புக்கட்டிகளையும் நாகக்கட்டிகளையும் பூட்டிப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சு நீருக்குள் இறங்கவில்லை. சிப்பியும் பாசியும் அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. வேறு உலோகத்துக்காகச் செய்த அந்தச் சோதனைதான் இன்று உலகெங்கும் கப்பல்களிலும் படகுகளிலும் இருக்கும் கட்டிகளுக்கு மூலம்.

கட்டி தேயவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. நானாவிடம் படம் அனுப்பச் சொன்னேன். எஞ்சினுக்குப் பெயின்ற் அடித்தவர் கட்டிக்கும் சேர்த்து அழகாக அடித்திருக்கிறார். பெயின்ற் பூசிய நாகம் நீரைத் தொடாது. ஆகவே எஞ்சினின் உலோகம்தான் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கட்டியைச் சுரண்டி வெறும் உலோகமாக்கி, அது பூட்டப்படும் இடத்தையும் சுரண்டி, இறுக்கிப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

கல்வனைசு செய்த தகரமும் குழாயும் இதே கொள்கைதான். உருகிய நாகத்தில், ஏறத்தாழ 450 பாகை செல்சியசில், தோய்த்தெடுத்த இரும்பில் சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள நாகம் அதைக் காக்கும். பெயின்ற் அப்படிக் காக்காது. ஆனால் அந்த நாகப்பூச்சு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்றைவிட மெல்லியது. கடற்கரையில் அது வற்றாத ஊற்றல்ல. ஒட்டு வேலை செய்யும்போது அந்த இடத்தில் நாகம் எரிந்து போய்விடும் என்பதால் ஒட்டுவாய்க்கு நாகத்தூள் பூச்சு கட்டாயம். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவு மலேரியாபோல் குளிரும் காய்ச்சலும் வரும். எனக்கு இருமுறை வந்திருக்கிறது. காற்றோட்டம் இல்லாமல் அதை ஒட்டாதீர்கள்.

2023 ஓகஸ்ட் 2

மேற்குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எவர்சில்வர் ஆணியே எல்லா இடத்துக்கும் நல்லது" என்று முடிவு செய்துவிட வேண்டாம். எவர்சில்வர் என்னும் துருவேறா உருக்கில் குரோமியம் குறைந்தது 10.5 வீதம் இருக்கும். அந்தக் குரோமியம்தான் மேலே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை இடைவிடாமல் புதுப்பித்துக்கொள்கிறது. பெரிய தகரக் கூரையில் சிறிய துருவேறா ஆணி அடித்தால் பெரும் கேடில்லை. பெரிய துருவேறாத் தகட்டில் சிறிய இரும்பு போல்ட்டைப் போட்டால், தகடு முழுவதற்குமான பாரத்தை அந்த ஒரு போல்ட் சுமந்து விரைவில் கரைந்துவிடும். கடற்கரைக்கு வாங்கும்போது 304 என்ற வகையை விட்டு, மொலிப்டினம் சேர்ந்த 316 வகையைக் கேளுங்கள்; 304இலும் இந்தக் காற்றில் தேயிலைக் கறைபோல் புள்ளி விழும்.

2023 செப்டெம்பர் 10

தேயிலை என்று எழுதியதும் பலர் கேட்டிருந்த கேள்வி நினைவுக்கு வந்தது: கறளைச் சுரண்டவே முடியாத வளைவு நெளிவுகளுக்கு என்ன செய்வது?

பொசுபோரிக்கமிலம் உள்ள கறள் மாற்றிகள் கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். தனின் (தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்) உள்ளவை கறளைக் கருநீலமான இரும்புத் தனேற்றாக மாற்றும். தனின் நமக்குப் புதிய பொருள் அல்ல. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மையும் கறுப்புச் சாயமும் செய்தது இந்த வேதியியலால்தான். சாயத் தேநீரைச் சுண்டக் காய்ச்சிக் கறள் பிடித்த மண்வெட்டியில் பூசினேன். அரைமணித்தியாலத்தில் பழுப்பு கறுத்தது. பார்க்க மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு மாதத்தில் கறுப்பின் ஊடாகப் பழுப்பு திரும்ப வந்தது, ஏனென்றால் அந்தக் கடற்கரை மண்வெட்டியின் குழிகளில் இருந்த உப்பை நான் கழுவவில்லை. மாற்றி எதுவானாலும் உப்பை மாற்றாது. மேலே பெயின்றோ எண்ணெயோ இல்லாவிட்டால் அது நிலைக்கவும் நிலைக்காது.

தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் கறளைக் கரைக்கும். கரைத்த பின் புளியை முழுவதுமாகக் கழுவி, உடனே அடுப்பருகில் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவாவிட்டால், உங்கள் கண்முன்னே அது மறுபடியும் மஞ்சளாகும். கத்திக்கும் துருவலைக்கும் இது நல்ல வழி. இரும்புத் தாச்சிக்கு எண்ணெய் தடவிச் சூடாக்கி, அது கறுத்துப் பிடிக்கும்வரை சில முறை திரும்பச் செய்யுங்கள். அம்மா அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவர்களோடு சண்டை பிடித்தது வீணாக அல்ல.

கழிவு ஒயில் பூசலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதில் அமிலமும் கரியும் ஈரமும் சேர்ந்திருக்கும், கிணற்றுக்கும் கேடு.

2023 ஒக்டோபர் 21

கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன், ஏனென்றால் அது என் மாமாவின் வீட்டோடு சேர்ந்த விடயம்.

நல்ல கொங்கிறீட்டின் பீ.எச்., அதாவது காரத்தைக் காட்டும் எண், 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பு தன் மேல் ஒரு காப்புப் படலத்தைப் போர்த்திக்கொண்டு உறங்கும். அதை எழுப்புவன இரண்டு. காற்றின் காபனீரொட்சைட்டு பல வருடத்தில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைப்பது ஒன்று. குளோரைட்டு உள்ளே வருவது மற்றொன்று. எழுந்த இரும்பு கறளாக மாறும்போது, தான் முன்பு பிடித்த இடத்தைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். அந்த நெருக்குதலைக் கொங்கிறீட்டு தாங்காது, வெடித்து உதிரும்.

மாமா வீடு கட்டும்போது கரைமணலையும் கிணற்று உவர்நீரையும் கொண்டு கொங்கிறீட்டுக் கூரைத் தட்டுப் போட்டார்கள். அந்த நாளில் கைக்கெட்டியது அதுதான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 2004இல் சுனாமி அந்தச் சுவர்களை ஊறவைத்தும் போனது. பின்னர் ஒருநாள் மத்தியானம், பாய் விரித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கை அகலத்துக்குக் கொங்கிறீட்டு விழுந்தது. பாட்டி சற்று முன்புதான் எழுந்து போயிருந்தார். மேசன் வந்து விழுந்த இடத்தைச் சீமெந்தால் பூசி மூடினார். அடுத்த வருடம் பூச்சுக்குப் பக்கத்தில் வெடித்தது. புதிய சீமெந்துக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, உப்பூறிய பழைய பகுதியிலுள்ள அடுத்த கம்பி அதன் சுமையையும் ஏற்றுக் கரையத் தொடங்குவதால் இப்படி நடக்கும். உப்பூறிய பகுதியைக் கம்பிக்குப் பின்னால்வரை உடைத்தெடுத்து, கம்பியை வெளுக்கச் சுத்தம் செய்து, பிறகே நிரப்ப வேண்டும்.

இப்போது கட்டுகின்றவர்களுக்குச் சொல்லக்கூடியது: கழுவாத கரைமணல் வேண்டாம், உவர்நீர் வேண்டாம். கடற்கரையில் கம்பிக்கு வெளியே 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை கொங்கிறீட்டு இருக்க வேண்டும். அதற்குச் சீமெந்துக் கட்டைகளை வைத்துத் தூக்குங்கள், கல்துண்டை அல்ல. ஊற்றிய பிறகு ஒரு வாரமாவது நல்ல நீரால் ஈரம் காயாமல் வையுங்கள்.

2023 நவம்பர் 12

இன்றைய குறிப்பை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கறள் ஒட்சிசனைத் தின்னும். திறந்த வெளியில் அது ஒரு பொருட்டல்ல. மூடிய இரும்பு அறைக்குள், உதாரணமாக ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகின் மிதவைக்குள்ளோ, நீண்டநாள் மூடிக் கிடந்த தாங்கிக்குள்ளோ, ஈரமான சுவர்கள் கறள் பிடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஒட்சிசன் 21 வீதத்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும். அதற்கு மணமில்லை, மூச்சுத் திணறலும் முன்கூட்டி வராது. இறங்கியவர் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். தூக்கப் போனவரும் விழுவார்.

இளம்வயதில் ஒரு மிதவையின் உள்ளே ஒட்டு வைக்க ஏணியில் கால் வைத்தேன். கூடவிருந்த முதியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவர் ஓர் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்தில் அது அணைந்தது. எரிவாயு இருக்கக்கூடிய இடத்தில் விளக்கு இறக்குவதே ஆபத்து என்பதால் அந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை. எல்லா மூடிகளையும் திறந்து, ஊதுவிசிறியால் நீண்டநேரம் காற்றைச் செலுத்தி, ஒட்சிசன் அளவுகருவியால் பார்த்த பின்பே, வெளியே ஒருவர் காவல் நிற்க, இறங்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் இறங்க வேண்டாம். அந்த முதியவர் இப்போது இல்லை.

2023 டிசம்பர் 3

டில்லி இரும்புத்தூண் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். 1600 வருடமளவு பழைமையான, 7 மீற்றருக்கு மேல் உயரமான, 6 தொன்னுக்கு மேல் எடையுள்ள அந்தத் தூணில் பொசுபரசு அதிகம். அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகத் துணைசெய்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். அந்தக் கொல்லர்களின் கைத்திறமையை எண்ணும்போது தலை தாழ்கிறது. ஆனால் டில்லி கடலிலிருந்து வெகுதூரம். அந்தத் தூணைக் கோணேசர் மலையடியில் நட்டிருந்தால் இதே கதையைச் சொல்லியிருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்.

2024 பெப்ரவரி 17

உப்புவெளிக் கிறிலுக்கு நாங்கள் வேலை செய்து பத்து மாதமாகிறது. இடையில் ஒரு வாடைக்காலமும் முழுவதாகப் போய்விட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் தாழ்வாரத்தை வெட்டவில்லை. அதற்குப் பதிலாக மாதம் இருமுறை பீப்பாய் மழைநீரால் கிறிலின் இரு பக்கத்தையும் கழுவியிருக்கிறார். தாயார்தான் நாள் தவறாமல் நினைவூட்டுகிறாராம். கொப்புளம் இல்லை. இடது கீழ் மூலையில், கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில், ஒரு பழுப்புக் கோடு மட்டும் தொடங்கியிருக்கிறது. அந்தச் சந்தில் நீர் தேங்குகிறது. சீமெந்தைச் சரித்து வழித்துவிடாமல் போனது என் கவனக்குறைவு. வரும் ஞாயிறு சுரண்டி, கழுவி, காயவைத்து, அந்த மூலையை மட்டும் திரும்பப் பூசிச் சரிவும் வைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கடை வாசலிலுள்ள தகட்டுத் துண்டுகளில், வாரம் கழுவியதும் பெட்டிக்குள் இருந்ததும் தவிர மற்ற இரண்டையும் மாசி மழையோடு இறக்கிவிட்டேன். தாழ்வாரத்தின் கீழ் தொங்கிய துண்டு, ஆணித்துளையிலேயே அறுந்து விழுந்திருந்தது.